முந்தின வரி

ஊருக்குள் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் போர்டுக்காரரின் கைவேலை ஒன்று கண்ணில் படும். பல் டாக்டரின் கதவில் இருப்பது அவர் எழுத்து. பள்ளிக்கூட வாசல் வளைவில் இருப்பது அவர் எழுத்து. கோர்ட்டில் நீதிபதியின் தலைக்கு மேலே இருப்பதும் அவர் எழுத்துதான். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று குப்பைமேட்டின் நடுவில் நிமிர்ந்து நிற்கிறதே, அதுவும். கொட்டுகிறவர்கள் கொட்டட்டும். எழுத்தில் ஒரு குறை சொல்ல முடியுமா? முடியாது.

பத்தொன்பது வயதில், மாற்றுச் சட்டை ஒன்றோடு இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர். படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் மறந்துபோயிருந்தது. போர்டு எழுதும் கடை ஒன்றில் பிரஷ் கழுவச் சேர்ந்தார். முதலாளி கோடு போட்டுக் கொடுத்த எழுத்துக்குள் பெயின்ட் நிரப்பி நிரப்பி, முதலில் வளைவு பிடிபட்டது, பிறகு சுழி பிடிபட்டது, கடைசியில்தான் அது என்ன எழுத்து என்பதே பிடிபட்டது. மற்றவர்கள் படித்துவிட்டு எழுதுவார்கள். அவர் எழுதிவிட்டுப் படித்தவர். இன்றைக்கு அதே தெருவில் மூன்று மாடிக் கட்டிடம், தகடு வெட்டும் மெஷின் இரண்டு, வேலை செய்கிறவர்கள் பதினாலு பேர், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் போட மகள். தூக்கிவிட்டவர் என்று விரலை மடக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. இந்தக் கதையைக் கடைக்கு வருகிற யாரிடமும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. போர்டு வாங்க வந்தவர் பாதிக் கதையில் எழுந்தால், வாசல்வரை கூடவே நடந்து மீதியையும் சொல்லித்தான் அனுப்புவார்.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று. "எழுத்து பொய் சொல்லாது. எங்க வச்சாலும், யார் படிச்சாலும், அது சொல்றதைத்தான் சொல்லும். மனுஷன்தான் இடத்துக்குத் தக்க மாத்திப் பேசுவான்."

அப்படிப்பட்டவரின் கடையில், அவர் நாற்காலிக்கு மேலே சுவரில், பித்தளையில் வெட்டிய இரண்டு வரி இருந்தது.

'இனி வர வேண்டாம். அங்கேயே இருந்துகொள்.'

புதிதாக வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளி ஒரு காலை உள்ளே வைப்பார்கள். நேரே அதுதான் தெரியும். வைத்த காலை எடுத்துக்கொள்வார்கள். வருமான வரி விஷயமாக வந்த அதிகாரி ஒருவர் தன்னைக் குத்திக்காட்டத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்கு, அந்தப் பித்தளை எழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கோணலும் மாணலுமாக இருந்தன. ஊருக்கே எழுத்து வெட்டுகிறவர் கடையில் இப்படி ஒரு எழுத்தா என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"அப்பா, பாதிப் பேர் வாசலோட திரும்பிப் போறாங்க" என்று மகள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள்.

"போகட்டும். படிக்கத் தெரிஞ்சவன்தானே போறான்."

"கோணலையாவது நிமிர்த்தித் தரட்டுமா?"

"அதுல கை வச்சே, தெரியும் சேதி."

அது அவருடைய அக்கா எழுதிய கடிதம். முழுக் கடிதமே அவ்வளவுதான். அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அந்த அக்கா. வேலைக்கு வந்த முதல் வருஷம், வாராவாரம் சனிக்கிழமை ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய் அவளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, நின்றுகொண்டே திரும்புவார். அந்தத் தூக்கக்கலக்கத்தில் ஒரு திங்கட்கிழமை ஏணியின் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிப் படுத்துவிட்டார். அந்த வாரம் போக முடியவில்லை. விழுந்தது தெரிந்தால் அக்கா பயந்துவிடுவாள். அதனால் கூட வேலை செய்த ஒருவரைக் கூப்பிட்டு, "காய்ச்சல், இந்த வாரம் வரலைன்னு அக்காவுக்கு எழுதிப் போடு" என்றார். எட்டு வரை படித்ததால் அந்த மனிதருக்கு 'எட்டாங்கிளாஸ்' என்றே பெயர். கடையில் எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பதும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதும் அவர்தான்.

பதில் வந்த அன்று எட்டாங்கிளாஸ் வெளியூரில் ஒரு சுவரில் ஏறியிருந்தார். நமக்குத்தான் இப்போது எழுத்து தெரிகிறதே என்று போர்டுக்காரர் தானே உறையைப் பிரித்தார். யார் துணையும் இல்லாமல் அவர் வாழ்க்கையில் படித்த முதல் கடிதம் அது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தபோது, படிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் வெட்கம். எட்டாங்கிளாஸ் சில மாதத்தில் கப்பல் வேலைக்குப் போனவர், போனவர்தான்.

அக்கா ஊர்ப் பக்கம் போர்டுக்காரர் தலைவைத்துப் படுக்கவில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவில்லை, கட்டிடம் திறந்தபோதும் சொல்லவில்லை. முதல் மெஷின் வாங்கிய அன்று, முதல் வேலையாக அக்காவின் இரண்டு வரியை அவள் கையெழுத்திலேயே பெரிதாக்கிப் பித்தளையில் வெட்டினார். சோர்வு வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார். ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அடுத்த மாடி எழும்பும். முப்பத்தெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு ஒரு போன் வந்தது.

"மாமா, நான்தான்."

"எந்த நான்?"

"உங்க அக்கா பையன். அம்மாவை என்கூடவே கூட்டிட்டுப் போறேன் மாமா, கடல் தாண்டி. வெள்ளிக்கிழமை கிளம்புறோம். எழுபது வயசாச்சு. இனிமே திரும்பி வர்றதெல்லாம் கஷ்டம். ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்களேன்."

போர்டுக்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "உங்கம்மா கூப்பிடச் சொன்னாங்களா?"

"அம்மாவுக்குத் தெரியாது."

"வர வேண்டாம்னு எழுதினது அவங்க. வான்னு சொல்ல வேண்டியதும் அவங்கதான் மாப்ளே."

வைத்துவிட்டார். பக்கத்தில் ரசீது கிழித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு வரியைப் பிடிச்சுக்கிட்டு முப்பத்தெட்டு வருஷமாத் தொங்குறீங்க. கை வலிக்கலையா?"

"எழுத்துல இருக்கு. நானா சொல்றேன்?"

"எழுத்துல இருக்கு, எழுத்துல இருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தப் பித்தளைகிட்டயே உறவு கொண்டாடுங்க."

போர்டுக்காரருக்கு அப்போது மனம் வேறு வேலையில் இருந்தது, அல்லது இருப்பதாகக் காட்டிக்கொண்டார். போன மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. பொது ஆஸ்பத்திரியின் ஏழாம் வார்டில் ஆறு நாள் கிடந்தார். எதிரே இருந்தது வெறும் சுவர். ஆயுசு முழுக்க எழுத்தோடு புழங்கியவருக்கு ஆறு நாள் ஒரு எழுத்துகூடக் கண்ணில் படாமல் கிடந்தது ஆபரேஷனைவிடப் பெரிய வேதனை. குணமானதும் நன்றிக்கடனாக அந்தச் சுவருக்கு ஒரு போர்டு செய்து கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். என்ன எழுதுவது என்பதில் யோசனையே இல்லை. பிரார்த்தனைக் கூடத்தின் வாசலுக்கு மேலே அவர் கையாலேயே வெட்டி மாட்டியிருக்கும் மறைநூல் வசனம். உள்ளே நுழைகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவரே பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை எட்டடி நீளத்துக்கு, முழங்கை உயர எழுத்தில், பளபளவென்று ஏழாம் வார்டில் மாட்டிவிட்டு வந்தார். இருபது கட்டிலுக்கும் நேர் எதிரே.

'உன் வேளை வந்தது. எழுந்து புறப்படு. உனக்காக வாசல் திறந்திருக்கிறது.'

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து உட்கார்ந்ததும் போன். பெரிய நர்ஸம்மா. முந்தின நாள் அவருக்கு லீவு.

"அய்யா, உங்க போர்டை வந்து எடுத்துட்டுப் போங்க."

"ஏம்மா? ஸ்க்ரூ ஆடுதா?"

"ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு. ஆளுங்கதான் ஆடிப்போயிட்டாங்க. சீக்கிரம் வாங்க."

போர்டுக்காரருக்குச் சுருக்கென்றது. சாமி வார்த்தையைக் கழற்றச் சொல்வதா? வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று நடந்தார்.

வார்டுக்குள் நுழைந்ததும் அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை. கால் கட்டு போட்ட பெரியவர் ஒருவர், தலை வைக்கிற பக்கம் காலையும் கால் வைக்கிற பக்கம் தலையையும் வைத்துக் கிடந்தார். மூன்றாம் கட்டில்காரர் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். ஏழாம் கட்டில்காரரின் மகள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் பல்செட்டைக் கழற்றி வைத்திருந்த ஒருவர் மட்டும் உற்சாகமாக இருந்தார்.

"போர்டு வச்ச புண்ணியவான் நீங்கதானா? ராத்திரி சாப்பாட்டுல பாதி மிச்சம். யாருக்கும் இறங்கலை. எல்லாத்தையும் நான்தான் சாப்பிட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது பாருங்க!"

பெரிய நர்ஸம்மா குட்டையான, குரல் பெரிய பெண்மணி. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"அய்யா, நேத்து சாயங்காலத்துல இருந்து ஊசி போடப் போனா, 'இதுதான் கடைசியா நர்ஸம்மா'ன்னு கேக்குறாங்க. ரெண்டு பேர் சொந்தக்காரங்களை வரவழைச்சுட்டாங்க. ஒருத்தர் நிலப் பத்திரத்தை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார். அவருக்கு இருக்கிறது வெறும் மூலம்!"

"சாமி வார்த்தைம்மா இது! கூடத்து வாசல்ல இதே எழுத்து, இதே பித்தளை. படிச்சுட்டு சந்தோஷமா உள்ள போறாங்க. எழுத்து எங்க வச்சாலும் ஒண்ணுதானே?"

நர்ஸம்மா காலியாகக் கிடந்த ஐந்தாம் கட்டிலைக் காட்டினார். "படுங்க."

"எதுக்கு?"

"படுங்கன்னா படுங்க. நின்னுட்டுத்தானே மாட்டினீங்க? நின்னுட்டுத்தானே படிச்சீங்க? படுத்துட்டு ஒரு தடவை படிங்க."

"படுத்துட்டுப் படிச்சா எழுத்து மாறிடுமா?" என்று முனகிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

அதே கட்டில், போன மாதம் அவர் கிடந்த கட்டில். ரப்பர் விரிப்பின் சில்லிப்பு முதுகில் ஏறியது. மருந்து வாடை. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பார்வையைத் தாழ்த்தினார். எட்டடிப் பித்தளை அவர் மேல் சாய்ந்து நின்று பார்த்தது.

உன் வேளை வந்தது.

அவர் கை தன்னால் வயிற்றுத் தையல் பக்கம் போனது. எழுந்து புறப்படு. மூன்றாவது வாக்கியத்தை அவர் படிக்கவில்லை. படிக்காமலேயே திறந்த வாசல் தெரிந்தது, அதற்கு அப்பால் இருட்டும் தெரிந்தது. சடக்கென்று எழுந்து உட்கார்ந்தார். முகம் வேர்த்துவிட்டது. ஜன்னலோரத்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"என்ன அய்யா, எழுத்து மாறிடுச்சா?" என்றார் நர்ஸம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இந்த வசனத்துக்கு முந்தின வரி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

போர்டுக்காரர் விழித்தார். கூடத்துக்கு, கல்யாண மண்டபத்துக்கு, சாவிக்கொத்துக்கு என்று இந்த வசனத்தை நூறு தரம் வெட்டியிருப்பார். முந்தின வரியை யாரும் அவரிடம் வெட்டக் கேட்டதில்லை.

"அரசன் தன் கையாலேயே விலங்கைக் கழற்றினான். அதுதான் முந்தின வரி. பன்னெண்டு வருஷம் உள்ள கிடந்த ஒரு கைதிக்கு, விடுதலை ஆகிற அன்னிக்குச் சொன்னது. வீட்டுக்குப் போகப்போறவனுக்குச் சொன்னதை, வீட்டுக்கு எப்பப் போவோம்னு தெரியாமக் கிடக்கிறவனுக்கு நேரா மாட்டிட்டீங்க."

போர்டுக்காரர் கட்டிலை விட்டு இறங்கி, செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டார். நர்ஸம்மாவுக்கே பாவமாகிவிட்டது.

"போர்டு அழகா இருக்கு. அதைக் குத்தம் சொல்லலை. வாங்க, ஒரு இடம் காட்டுறேன்."

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் வெளியேறும் கதவு, நீளமான நடைபாதையின் கோடியில் இருந்தது. அதற்கு மேலே எட்டடிக்குச் சரியாக இடம். அதே டிரில், அதே ஸ்க்ரூ, தானே ஏறி மாட்டினார். கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருக்கும்போது, கைக்குழந்தையையும் ஒரு துணிப்பையையும் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். பின்னால் அவள் புருஷன் பிளாஸ்கோடு வந்தான். அவள் நின்றாள், அண்ணாந்து படித்தாள். "கேட்டியாடா, நம்ம வேளை வந்துடுச்சாம்" என்று குழந்தையிடம் சொல்லிச் சிரித்தபடி வெயிலில் இறங்கிப் போனாள்.

ஏணி மேலிருந்தே போர்டுக்காரர் அதை இன்னொரு தடவை படித்தார். ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. ஒரு சுழியைக்கூடத் தொடவில்லை.

கடைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவு கொஞ்சம் திறந்தது. கல்யாணப் பத்திரிகையோ எதுவோ கையில் வைத்திருந்த ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

வழக்கமாக இருந்தால் சிரித்திருப்பார். இன்றைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். 'இனி வர வேண்டாம். அங்கேயே இருந்துகொள்.' அவர் இதைப் படித்தது ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, இடுப்பில் பற்றுப் போட்டுக்கொண்டு. அக்கா எங்கே உட்கார்ந்து எழுதினாள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? அவள் கையில் அப்போது என்ன இருந்தது? அவர் அனுப்பிய கடிதம் இருந்திருக்கும். இதற்கு முந்தின வரி அதுதானே. அதில் என்ன இருந்தது? காய்ச்சல், இந்த வாரம் வரவில்லை. அவ்வளவுதான் சொன்னார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொன்னாரா? சொல்லவில்லை. வலியில் தூங்கிப்போனார்.

"சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.

"நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

மனைவி மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

ஏழு மணி நேரம் இப்போது ஐந்தரை ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் போர்டுக்காரர் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கினார். முதலில் நான் பேச மாட்டேன். அவளாகக் கேட்கட்டும். கேட்டால் இப்படிச் சொல்வேன். இல்லாவிட்டால் அப்படி. வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் போய் நின்றபோது அடுக்கியது எல்லாம் சரிந்துவிட்டது. கூடம் முழுக்கப் பெட்டிகள். நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நரைத்து, சுருங்கி, பாதியாகியிருந்தாள். மூக்கில் சரிந்த கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏணியில இருந்து விழுந்தியேடா" என்றாள். "இடுப்பு வலி விட்டுச்சா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விழுந்தது உனக்கு எப்படி அக்கா தெரியும்? நான் சொல்லலியே?"

"நீதானே எழுதியிருந்தே."

"காய்ச்சல்னு எழுதச் சொன்னேன்!"

"எழுதச் சொன்னியா? அப்ப நீ எழுதலையா அதை?" அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், அந்தப் பச்சைப் பெட்டியை அவிழ்."

அக்கா மகன் வந்தான். மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பெட்டியைப் பார்த்ததும் வாடியது. "அம்மா, அதைக் கட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சும்மா. அது மேல நான் உட்கார்ந்து மூடினேன்."

"மறுபடி உட்கார். ஒண்ணும் தேய்ஞ்சுட மாட்டே."

பெட்டியின் அடியில், ஒரு துண்டுக்குள், பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பு கிழிந்த ஒரு காகிதம் வந்தது. எட்டாங்கிளாஸின் குண்டு குண்டு எழுத்து. போர்டுக்காரர் ஜன்னல் பக்கம் போய், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தன் பெயரில் போன கடிதத்தை முதல் முறையாகப் படித்தார். உதடு அசைந்தது.

'அன்புள்ள அக்கா, ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடி. தூக்கமில்லாமல் வேலை செய்ததால் வந்தது. வாராவாரம் வந்து போவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்கிறார். வராவிட்டால் உன் மனம் நோகும் என்று நானாக நிறுத்த மாட்டேன். வர வேண்டாம் என்று நீயே எழுதினால்தான் கேட்பேன். கொஞ்ச நாளைக்கு அப்படி எழுது.'

அவர் இரண்டாம் தடவை படித்தார். எட்டாங்கிளாஸ் சொன்னதை எழுதவில்லை, பார்த்ததை எழுதியிருந்தார். தூக்கிவிட்டவர் என்று விரல் மடக்க ஆளில்லை என்று முப்பத்தெட்டு வருஷம் சொல்லியாயிற்று. இப்போது இரண்டு விரலை மடக்க வேண்டியிருந்தது.

"இது நான் சொன்னதில்லைக்கா" என்றார். "நீ என்னை வெட்டிவிட்டுட்டேன்னு நினைச்சேன்."

"நான் உன்னை வெட்டிவிட்டேனா? வர முடியலைன்னு நீ கேட்டே. சரின்னு கொடுத்தேன். உடம்பு தேறினதும் வருவே, தேறினதும் வருவேன்னு வாசலைப் பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் பெரிய ஆளாயிட்டேன்னு கேள்விப்பட்டேன். அக்காவைக் காட்டிக்க வெட்கம்போலன்னு விட்டுட்டேன்."

"ரெண்டே ரெண்டு வரிதானே எழுதியிருந்தே. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை இல்லை."

"ரெண்டு வரி எழுத எனக்கு ஒரு பகல் ஆச்சுடா! உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டின பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சிலேட்டுல எழுதி எழுதிப் பார்த்து, அதைப் பார்த்துக் காகிதத்துல எழுதினேன். அதுக்கு மேல எனக்கு எங்க எழுத்து தெரியும்? நீ படிச்சவன் பாரு, கேக்க வந்துட்டே."

இந்த இடத்தில் அக்கா மகன், சும்மா இருக்க மாட்டாமல், தான் ஒரு தடவை வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது கடையைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்லிவிட்டான். "மாமா கடையில அந்த ரெண்டு வரி சுவர்ல இருக்கும்மா. பித்தளையில. ஏதோ கஸ்டமருக்குச் சொல்றாங்கன்னு நினைச்சு நான்கூட உள்ள போகாம வந்துட்டேன்."

"என் எழுத்தா? அந்தக் கோணல் எழுத்தா?"

"ஒரு சுழிகூட நிமிர்த்தலைக்கா" என்றார் போர்டுக்காரர். "நிமிர்த்த விடவும் இல்லை."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கையை நீட்டி அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷத்து அடி இன்னும் அங்கேயே வீங்கியிருப்பதுபோல.

சாயங்காலம் கடையிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, எப்ப வர்றீங்க?"

"வெள்ளிக்கிழமை இவங்களை ஏத்திவிட்டுட்டுத்தான் வருவேன்."

"அப்ப அந்தப் பித்தளையைக் கழட்டிடவா?"

"தொடாதே. அதுக்கு மேல நாலடிக்கு இடம் ஒழிச்சு வை. முந்தின வரி ஒண்ணு கொண்டு வர்றேன். கொஞ்சம் நீளம்."

அக்காவின் பெட்டிகளில் மகன் பேனாவால் கிறுக்கியிருந்த பெயரும் விலாசமும் போர்டுக்காரர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. தெருமுனைக் கடையில் வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு பிரஷும் வாங்கிவந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் அக்காவின் பெயரை எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே கதையும் ஆரம்பித்தார். பிரஷ் கழுவியது, கோட்டுக்குள் நிரப்பியது, தனிக்கடை போட்டது, முதல் மெஷின் வந்தது, கோர்ட்டு, பல் டாக்டர், பள்ளிக்கூட வளைவு. இத்தனை வருஷம் ஊரில் எல்லாரையும் பிடித்து நிறுத்திச் சொன்ன கதைதான். வாசல்வரை துரத்திப் போய்ச் சொன்ன கதைதான். அக்கா எழுந்து போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்புறம்?" என்றாள். "அப்படியா!" என்றாள். "எவ்வளவு உயரம்?" என்றாள். பெட்டிகள் தீர்ந்தன. பெயின்ட் காய்ந்தது.

"அம்மா, மாத்திரை சாப்பிட்டுப் படுங்க. நாளைக்கும் பேசலாம்" என்றான் மகன்.

"நீ போய்ப் படு" என்றாள் அக்கா. "அவன் இன்னும் மூணாவது மாடியே கட்டி முடிக்கலை."